எரகான் மாயாஜால நாவல் தொடரின் கடைசிப் புத்தகம்: முடிவு ஏன் சப்புன்னு இருக்கு?

கேள்வி: மூணு புத்தகமா கொடுங்கோல் மன்னன் கால்பட்டோரிக்ஸை அசைக்கவே முடியாதவனாக் காட்டிட்டு, 'இன்ஹெரிட்டன்ஸ்'ல (2011) வாளால இல்லாம மந்திரத்தால முடிச்சுட்டாங்களே? டிராகன் வீரன் எரகானும் அவன் காதலிக்கிற எல்ஃப் ஆர்யாவும் பிரியறது வேற. முன்னாடி இதுக்கு ஏதாவது அடித்தளம் இருக்கா?

பதில் 1: அத்தனை எல்துனாரி (டிராகன்களோட மனசும் சக்தியும் அடங்கின கல்) பலம் அவன்கிட்ட இருக்கறப்போ வாள் என்ன செய்யும்? அந்தக் காட்சியை மெதுவாப் படிங்க. மந்திரம் போடற மூலமொழியோட பேரைச் சொல்லி, மன்னனுக்கு அடிமையா இருந்த டிராகன் வீரன் முர்டாக் முதல்ல அந்த மன்னனோட காப்பு மந்திரங்களைக் கழட்டறான். அப்புறம்தான் எரகான், சொல்லே இல்லாத மந்திரத்தால கால்பட்டோரிக்ஸ் செஞ்ச கொடுமைகளோட வலியை அவனுக்கே உணர்த்தறான். தாங்காம தன்னையே அழிச்சுக்கறான்.

பதில் 2: பிரிவுக்கு விதை முதல் புத்தகத்துலயே இருக்கு. தெய்ர்ம் நகரத்துல மூலிகைக்காரி ஏஞ்சலா டிராகன் எலும்பை உருட்டிக் குறி சொல்ற இடம்: எரகான் நாட்டை விட்டே போயிடுவான்னு சொல்லிடறா. மனுஷனா மாறக்கூடிய பூனை சோலெம்பம், எல்துனாரிகளை ஒளிச்சு வச்சிருக்கற ஆன்மாப் பெட்டகத்தைப் பத்திச் சொல்றதும் அங்கேதான். ஆனா எல்துனாரி பத்தின விளக்கம் மூணாவது புத்தகமான 'பிரிசிங்கர்' (2008) வரை வரலை. அது தாமதம்தான்.

பதில் 3: மூணோட முடிய வேண்டிய தொடர் நாலா நீண்டது. வில்லன் செத்த பிறகும் இழுக்குது, ஏஞ்சலா யாருன்னு மட்டும் சொல்லலை. முர்டாக்குக்கு என்ன ஆச்சுன்னு தெரியணும்னா 2023ல வந்த 'முர்டாக்' படிங்க.