செம்பூர் சி-விங் தமிழ் குரூப்

கீதா 304: வணக்கம். வீடு முழுக்க பெயிண்ட் அடிக்கணும். 20 லிட்டர் வாளி ஒண்ணு 5,800, இன்னொண்ணு 3,200ங்கிறான். ரெண்டும் எமல்ஷன்தானாம், அதான் தண்ணி கலந்து சுவருக்கு அடிக்கிற பெயிண்ட். அந்த 5,800 வாளியை 2019ல நாலாயிரத்துக்குள்ள வாங்கினேன் 😤

சேகர் 102: விலை குறைஞ்சதையே வாங்குங்க. சுவர்தானே!

மணி மாமா 501: அவசரப்படாதே கீதா. 31 வருஷம் பெயிண்ட் லேப்ல இருந்தவன் சொல்றேன்

சேகர் 102: மாமா ஆரம்பிச்சுட்டார் 😄

மணி மாமா 501: சுவரை மறைக்கிறது டைட்டானியம் டை ஆக்ஸைடு. வெள்ளைப் பொடி, விலை கூடின சரக்கு. எங்க மணவாளக்குறிச்சி கருமணல்ல இருக்கிற இல்மனைட்ங்கிற தாதுல இருந்துதான் அந்த வெள்ளை வருது! நம்ம நாட்டு உற்பத்தி பத்தாது, இறக்குமதி. டாலர் ஏறினா அதுவும் ஏறும்

மணி மாமா 501: பெயிண்ட்டைச் சுவர்ல ஒட்ட வைக்கிற பசை அக்ரிலிக். அதுக்கு மூலம் கச்சா எண்ணெய். 2022ல உக்ரைன் சண்டையில பேரல் 100 டாலரைத் தாண்டினப்ப எங்க பர்ச்சேஸ் ஆளுக்குத் தூக்கமே இல்ல

கீதா 304: அப்புறம் எண்ணெய் இறங்கிச்சே, வாளி விலை இறங்கலையே?

மணி மாமா 501: அதை மட்டும் என்கிட்ட கேக்காதே 🙂

மணி மாமா 501: விலை குறைஞ்ச வாளில டைட்டானியம் கம்மி, சாக் பவுடர் ஜாஸ்தி. காஞ்சா வெள்ளையாத்தான் தெரியும். ஈரத்துணியை வச்சு ஒரு இடத்தைத் துடைச்சுப் பாரு, பழைய கலர் எட்டிப் பாக்கும். காஞ்சதும் மறுபடி ஒளிஞ்சுக்கும்

லதா 203: ஐயோ, என் ஹால் சுவர் அதேதான்! சாஞ்சா நைட்டி முதுகெல்லாம் வெள்ளை. போன தீபாவளிக்குத்தான் அடிச்சேன்

மணி மாமா 501: பசையும் கம்மி. அதான் கையில ஒட்டுது

சேகர் 102: இருந்தாலும் 2,600 வித்தியாசம் மாமா

மணி மாமா 501: நல்லது ரெண்டு கோட்ல மூடும். அது மூணு கேக்கும். மூணாவதுக்கு வாளி பத்தாது, இன்னொண்ணு வாங்கணும். 6,400 ஆச்சா? கூலி வேற

கீதா 304: ஆளுக்கு 1,000 வாங்குறான், ரெண்டு பேர் 😳

லதா 203: பெயிண்டர் சொல்ற பிராண்டையும் அப்படியே நம்பாதீங்க. வாளிக்குள்ள டோக்கன் இருக்கும், அது அவனுக்குக் காசு. எங்க வீட்ல மூடியைத் திறந்ததும் கையை விட்டு முதல்ல அதைத்தான் தேடினான் 😂

சேகர் 102: அப்ப டார்க் கலர் அடிச்சா டைட்டானியம் கம்மியா போதுமில்ல?

மணி மாமா 501: அட, நல்ல கேள்வி. டார்க் கலர் கலக்குற பேஸ்ல, அதான் அடிப்படை பெயிண்ட்ல, அது கம்மிதான். ஆனா மெரூன் அடிச்ச சுவரை அடுத்த தடவை வெள்ளையா மாத்திப் பாரு, தெரியும்

கீதா 304: 5,800தான். மாமா, சாயங்காலம் கடைக்குக் கூட வர்றீங்களா?

மணி மாமா 501: ஆட்டோ சொல்லு. முழங்கால் சரியில்ல

லதா 203: எனக்கும் ஒரு 4 லிட்டர் டப்பா. ஹாலுக்கு மட்டும் 🙏