40 மிமீ ராடைத் துண்டாக்கும்போது பார்ட்டிங் டூல் உடைந்துகொண்டே இருக்கிறது

புதுக்கை:
லேத்தில் (கடைசல் மெஷின்) கை வைத்து நாலு மாதம்தான் ஆகிறது. 40 மிமீ எம்எஸ் (மென் எஃகு) ராடில் துண்டுகள் வெட்டுகிறேன். 3 மிமீ எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிளேடு, 460 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 460 சுற்று), டூலைப் பிடிக்கும் டூல் போஸ்ட்டுக்கு வெளியே பிளேடு 40 மிமீ நிற்கிறது. ராடு, அதைப் பிடித்துச் சுற்றும் சக்கிலிருந்து நீளமாக நீட்டிக்கொண்டிருப்பதால் மறுமுனைக்கு டெயில்ஸ்டாக் சென்டர் (முனையைத் தாங்கும் கூர்) கொடுத்திருக்கிறேன். பாதி ஆழம் போனதும் கிர்ரென்று அதிர்கிறது. அப்புறம் ஜாப் (வெட்டும் ராடு) டூல் மேல் ஏறி, பிளேடு டப்பென்று போய்விடுகிறது. இந்த வாரம் மட்டும் மூன்று. நேற்று வெட்டில் வரும் இரும்புச் சுருளை இழுத்தபோது கையுறை மாட்டிக் கிழிந்தது, விரலுக்கு ஒன்றுமில்லை. கார்பைடு (எச்எஸ்எஸ்ஸைவிடக் கடினமான டூல்) போட்டால் சரியாகுமா?

பழைய டர்னர்:
தம்பி, கார்பைடை அப்புறம் பார்ப்போம். கையுறை விஷயத்தைப் போகிற போக்கில் எழுதிவிட்டாய், என் கண் அங்கேயே நின்றுவிட்டது. 460 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு ஏழு சுற்றுக்கு மேல். கையை இழுக்கலாம் என்று நீ நினைப்பதற்குள் துணி இரண்டு முறை சுற்றியிருக்கும். உன் கையுறை கிழிந்தது, தப்பித்தாய். என்னுடையது கிழியவில்லை. இடது சுண்டு விரலில் எனக்கு இன்றைக்கும் பாதி நகம்தான். சுற்றும் மெஷினில் கையுறை கூடாது, முழுக்கைச் சட்டையும் கூடாது. சுருளை எடுக்க மெஷினை நிறுத்து, கைப்பிடி வைத்த கொக்கியால் எடு.

இனி டூல். டெயில்ஸ்டாக் சென்டரை முதலில் எடு. இரண்டு பக்கமும் பிடித்த ராடை நடுவில் வெட்டினால், வெட்டு ஆழமாக ஆக அந்த இடம் மெலிந்து வளையும், பள்ளம் பிளேடைக் கவ்விக்கொள்ளும். நீ தாங்கல் என்று கொடுத்ததே பொறி ஆகிவிட்டது. ராடை சக்குக்குள் தள்ளி, வெட்டும் இடம் தாடைக்கு ஒட்டினாற்போல் இருக்கட்டும்.

வேகம் மூன்று மடங்குக்கு மேல் அதிகம். எச்எஸ்எஸ் பிளேடுக்கு ராடின் மேற்பரப்பு வேகம் நான் நிமிடத்துக்கு 15 மீட்டர்தான் வைப்பேன், 40 மிமீக்குக் கணக்குப் போட்டால் 120 ஆர்பிஎம் வரும். பிளேடு 22, 23 மிமீ வெளியே நின்றால் போதும். காரேஜை (டூல் போஸ்ட்டைச் சுமந்து நகரும் பகுதி) பூட்டு, எண்ணெயை விடாமல் ஊற்று. ஃபீடை (டூலை உள்ளே செலுத்துவதை) சீராகக் கொடு. பயந்து பயந்து நிறுத்தினால் டூல் வெட்டாமல் உரசும், அதிர்வு அங்கேதான் தொடங்கும்.

மெயின்டனன்ஸ் ஆள்:
அண்ணன் சொன்னதோடு சென்டர் உயரத்தையும் பாருங்கள், அதாவது டூல் நுனி ராடின் மைய உயரத்தில் இருக்கிறதா என்று. மெஷின் நின்றிருக்கும்போது ராடுக்கும் டூல் நுனிக்கும் நடுவே மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை லேசாகப் பிடியுங்கள். ஸ்கேலின் மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. டூல் போஸ்ட்டைக் கையால் ஆட்டியும் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் கிராஸ் ஸ்லைடு (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) கிப்பை, அதாவது அதன் இடைவெளியைச் சரிசெய்யும் பட்டையை, இறுக்க வேண்டும். பழைய லேத்தில் பாதி நேரம் குற்றவாளி அதுதான்.

புதுக்கை:
டூல் தாழ்ந்துதான் இருந்தது, அடியில் தகடு கொடுத்தேன். 120 எங்கள் லேத்தில் இல்லை, 110 போட்டேன். ஆறு துண்டு வெட்டியாயிற்று, பிளேடு அப்படியே இருக்கிறது. கொக்கியும் ஒன்று வளைத்துவிட்டேன், கையுறை பெட்டிக்குள் போய்விட்டது. ஒரே ஒரு குறை: விழும் துண்டின் நடுவில் சின்ன மொட்டு நிற்கிறது.

பழைய டர்னர்:
பிளேடு நுனியை ஒரு மயிரிழை சாய்த்துத் தீட்டு, விழப்போகும் துண்டின் பக்கம் முன்னால் இருக்கும்படி. மொட்டு ராடிலேயே தங்கிவிடும். சாய்வு அதிகமானால் பிளேடு ஒரு பக்கம் வளைந்து, வெட்டிய முகம் தட்டையாக வராது. கிரைண்டருக்குப் போகும்போதும் அந்தக் கையுறை பெட்டியிலேயே இருக்கட்டும், கண்ணாடியை மட்டும் போட்டுக்கொள்.