வெளிவராத கேமை மேளாவில் விளையாடிப் பார்த்தவர்கள் எழுதுங்கள் (டெல்டாக்காரர்கள் மட்டும்)

மன்னைக்காரன்:

காமிக்ஸ், கேம் மேளாவான காமிக் கான் முதல்முறை சென்னைக்கு வந்தது 2024 பிப்ரவரியில். நந்தம்பாக்கம் டிரேட் சென்டர். மன்னை எக்ஸ்பிரஸ், எழும்பூர், அங்கிருந்து ஆலந்தூருக்கு மெட்ரோ. வேஷம் கட்டி வந்த கூட்டத்தைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று, நான் அதற்குள் போகவில்லை.

ஓரமாக ஒரு மேசை. லேப்டாப் ஒன்று, கன்ட்ரோலர் ஒன்று, இரண்டு பையன்கள். பேய் கேம், இன்னும் முடியவில்லை, பத்து நிமிஷ டெமோ என்றார்கள். உட்கார்ந்தேன். ஆரம்பமே ஒரு பழைய வீடு. திண்ணை, ரேழி, முற்றம், தூண் எல்லாம் பிரமாதமாகச் செய்திருந்தார்கள். கையில் டார்ச். எதையும் யோசிக்காமல் நேராகக் கொல்லைப்பக்கம் நடந்தேன். நம்ம ஊர் வீட்டில் வாசலில் நின்றால் கொல்லை தெரியுமே, கால் அப்படித்தான் போகும். அங்கே கதவும் இருந்தது. தள்ளுகிறேன், திறக்கவில்லை. சாவி தேடினேன், பரணைத் தேடினேன், மறுபடி கதவு. பின்னால் நின்றவர் ஒரு வார்த்தை உதவவில்லை. நோட்டில் என்னமோ எழுதிக்கொண்டே இருந்தார்.

நேரம் முடிந்ததும் கேட்டார்: "எல்லாரும் மாடிக்குத்தாங்க போனாங்க. நீங்க ஏன் அங்கயே நின்னீங்க?"

"கொல்லைக் கதவு திறக்கலைன்னா கேணிக்கு எப்படிங்க போறது?"

அவர் பதில் சொல்லவில்லை. கூட இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்பதுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. 'நான் அப்பவே சொன்னேன்ல' என்பதா, 'இந்த ஆளை யார் உட்கார வெச்சது' என்பதா? கேம் இன்னும் வரவில்லை. அவ்வப்போது கேம் விற்கிற ஸ்டீம் தளத்தில் தேடிப் பார்க்கிறேன், 'விரைவில்' என்று மட்டும் போட்டிருக்கிறது.


குடவாசல் டு கொலோன்:

நான் ஜெர்மனியில் கொலோனில் வேலை பார்க்கிறேன், அதனால் இங்கே நடக்கும் கேம்ஸ்காம் மேளாவுக்கு டிராமிலேயே போய்விடலாம். போனவர்களுக்குத் தெரியும், வயதுக்கேற்ற கலரில் கையில் பட்டை கட்டுவார்கள். 18க்கு மேல் சிவப்பு. சிவப்புப் பட்டை இருந்தால் தலை உருளுகிற கேம் எதையும் ஆடலாம். நான் அதைக் கட்டிக்கொண்டு டிராக்டர் ஓட்டப் போனேன்.

2024 ஆகஸ்ட். ஃபார்மிங் சிமுலேட்டர் 25 வெளிவர இன்னும் மூன்று மாதம் இருந்தது. அந்தத் தொடரில் நெல் வருவது அதில்தான் முதல்முறை. வயலுக்குத் தண்ணீர் கட்டலாம், நாற்று நடும் இயந்திரம் உண்டு, எருமை கூட உண்டு. ஸ்டால்காரர் தன் திரையில் வயலின் நீர்மட்டத்தை ஏற்றிக் காட்டினார். அவ்வளவுதான், வயல் நிறைந்துவிட்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஜெர்மன் பையன் "சூப்பர்" என்றான். எனக்கு மட்டும் வயிற்றில் என்னமோ செய்தது.

ஏன் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷம் மேட்டூர் அணையை வழக்கம்போல ஜூன் 12ல் திறக்கவில்லை. ஜூலை 28ல்தான் திறந்தார்கள். கடைமடை எங்களுக்கு. நான் கொலோனில் நின்றுகொண்டிருந்த வாரத்தில்தான் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் எட்டிப்பார்த்தது.

திரையை வீடியோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ராத்திரி கூப்பிட்டார். வரப்பைப் பற்றிச் சொல்வார், இல்லை டிராக்டர் நல்லாயிருக்கு என்பார் என்று நினைத்தேன். "தண்ணி வெக்கிறது சரிடா. ஐப்பசி கார்த்திகைல எங்க வடிய விடுவான்? வடிகாலே காணுமே" என்றார்.

அந்தக் கேள்வியை நான் அந்த ஸ்டாலில் கேட்டிருக்கலாம். ஆனால் வடிகாலுக்கு ஜெர்மனில் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.


பாபநாசம்:

எது என்று பெயர் வேண்டாம். எனக்கு முன்னால் நின்றவன் ஆடி முடித்து எழுந்தான். நான் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டினேன். கம்ப்யூட்டர் அப்டேட் ஆக ஆரம்பித்தது. சதவீதம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாலை மூடுகிறோம் என்று மைக்கில் சொன்னார்கள். என் அனுபவம் இவ்வளவுதான்.


ஆடுதுறை 45:

குடவாசல் தம்பி, உங்கள் அப்பா சொன்னது நூறு சதவீதம் சரி. ஆனால் அதற்கு டிராக்டர் கேமைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அது இயந்திரம் ஓட்ட ஆசைப்படுபவர்களுக்கான கேம். நெல்லை உண்மையாகக் கட்டிய கேம் வேண்டுமென்றால் 2020ல் ஜப்பானிலிருந்து வந்த சகுனாவை ஆடுங்கள். எடல்வைஸ் என்ற குட்டி டீம் செய்தது. விதை தேர்வதில் தொடங்கி, நடவு இடைவெளி, தண்ணீரின் ஆழம், களை, கதிரடித்து உமி நீக்குவது வரை எல்லாம் உண்டு. நெருக்கி நட்டால் விளைச்சலில் காட்டிவிடும். அந்தக் கேமில் மகசூல் எடுக்க ஜப்பான் வேளாண் அமைச்சகத்தின் இணையதளத்தைப் படித்துவிட்டு ஆடினார்கள் என்பது கதையல்ல, நடந்தது.

என் அனுபவமா? தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரி விழாவில் கண்ணை மூடி மாட்டிக்கொள்ளும் விஆர் டெமோ. முந்தின ஆளின் வியர்வை அப்படியே ஹெட்செட்டில் இருந்தது. மாட்டினேன், மலை உச்சியில் நின்றேன், தலை சுற்றியது, கழற்றினேன். நிற்க.

போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். மேளா திறந்ததும் எல்லோரும் பெரிய ஸ்டாலுக்கு ஓடுவார்கள், நீங்கள் ஓடாதீர்கள். அந்தக் கேம் எப்படியும் வெளிவரும், யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம். ஓரத்து மேசைகளுக்குக் காலையிலேயே போங்கள், செய்த ஆளே நிற்பார், பேசலாம். சாயங்காலம் போனால் அவர் தொண்டை கட்டியிருக்கும். உட்கார்ந்தவுடன் முதல் வேலையாக செட்டிங்ஸில் போய்க் கேமரா மேல்கீழ் தலைகீழாக இருக்கிறதா பாருங்கள். கிடைப்பதே பதினைந்து நிமிஷம், அதில் ஐந்து நிமிஷம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கதை வசனம் வந்தால் தள்ளிவிடுங்கள், ஆடக் கைக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தானே போனீர்கள்? விஆர் என்றால் சாப்பிட்ட கையோடு போகாதீர்கள். கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள், மேலே சொன்ன வியர்வைக்காக. "எப்போ ரிலீஸ்?" என்று கேட்காதீர்கள், அவர்களுக்கே தெரியாது. "இந்த பில்ட் எந்த மாசத்தது?" என்று கேளுங்கள் (பில்ட் என்றால் அதுவரை செய்துவைத்த கேமின் வடிவம்), அதற்குப் பதில் வரும். முன்பதிவுப் பணம் மட்டும் அங்கேயே கட்டாதீர்கள். ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும், அது போதும். இதெல்லாம் வேண்டாம், உழவன் எக்ஸ்பிரஸில் படுத்துக்கொண்டு போய் வரவும் முடியாது என்றால், ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் வருஷத்தில் மூன்று தடவை வருகிறது. வீட்டில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான டெமோ ஆடலாம்.

மன்னை தம்பி, கேம் வரவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். சில்க்சாங் என்ற கேமை 2019ல் அமெரிக்காவின் ஈ3 கேம் மேளாவில் ஆடவைத்தார்கள், வெளிவந்தது 2025 செப்டம்பர் 4.


குடவாசல் டு கொலோன்:

நான் எங்கே அண்ணே குறை சொன்னேன்? எனக்கு அந்தக் கேம் பிடித்திருந்தது. வந்ததும் வாங்கினேன். அப்பா கேட்டது மண்டையில் நிற்கிறது என்றுதான் எழுதினேன்.


மயிலாடுதுறை அம்மா:

என் பையன் இந்த இழையைக் காட்டினான். நானும் எழுதலாமா? நான் கேம் ஆடுகிறவள் இல்லை. இவனுக்குத் துணையாகச் சோழன் எக்ஸ்பிரஸில் சென்னை போனேன், கூட்டத்தில் இவனைத் தொலைத்துவிடக் கூடாதே என்று பின்னாலேயே நடந்தேன்.

ஒரு ஸ்டாலில் இவன் ஆடி முடித்ததும் அந்தப் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டார்கள். "அம்மா, நீங்க ஒரு தடவை உக்காருங்க." எனக்கு இதெல்லாம் வராது தம்பி என்றேன். "வராதவங்கதாம்மா வேணும். ஆடத் தெரிஞ்சவங்க எல்லாத்தையும் சகிச்சுக்கிட்டு ஆடிடுறாங்க." இப்படி ஒருத்தர் கேட்டால் எப்படி மாட்டேன் என்பது?

கையில் அந்தக் கருவியைக் கொடுத்தார்கள். இரண்டு குச்சி. இடது குச்சி நடக்க, வலது குச்சி பார்க்க. நானும் சரி என்று இரண்டையும் தள்ளினேன். கேமில் வருகிற பெண் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து ஆற்றில் இறங்கிவிட்டாள். திருப்பித் திருப்பி அதே. நடக்கும்போது எதற்குத் தனியாகப் பார்க்க வேண்டும், கால் போகிற பக்கம்தானே கண்ணும் போகும் என்று கேட்டேன். என் பையன் "அம்மா போதும், எழுந்துரு" என்று தோளைத் தட்டுகிறான். அந்தப் பிள்ளைகளோ சிரிக்கவே இல்லை. ஒருத்தன் என் முகத்தைப் பார்க்காமல் என் கட்டை விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். பெண் பார்க்க வந்தவர்கள் கூட அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

ஆற்றைத் தாண்டவில்லை. எழுந்து வரும்போது கையெடுத்துக் கும்பிட்டு ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நான் சொன்னதற்காக மாற்றியிருப்பார்களா, இல்லை மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்களா?


திருவையாறு டெஸ்டர்:

அக்கா, அநேகமாக மாற்றியிருப்பார்கள். நான் சென்னையில் கேம் டெஸ்டராக வேலை பார்க்கிறேன், எங்களுக்கு உங்களைப் போன்ற ஒருத்தர் உட்காருவது பெரிய விஷயம். வலது குச்சியைத் தொடாவிட்டால் கேமரா தானாக நடக்கிற பக்கம் திரும்பிக்கொள்ளும்படி வைப்பது பல கேம்களில் உண்டு. உங்கள் விரலைப் பார்த்த பிள்ளை அதைத்தான் யோசித்திருப்பான்.

மன்னைக்காரருக்கு: அவர் உதவாமல் நின்றது திமிரில் இல்லை. டெமோவில் பின்னால் நிற்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். கேம் விற்ற பிறகு ஒவ்வொருவர் வீட்டிலும் போய் நின்று வழி சொல்ல முடியாதில்லையா? இன்னொன்று, டெமோ பில்டில் தேவைப்படாத கதவுக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. கொல்லையே கட்டியிருக்க மாட்டார்கள். கதவு வெறும் படம்.

ஆடுதுறை அண்ணன் கதையைத் தள்ளிவிடச் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தள்ளிவிட்டால் எங்கே எதற்கு நிற்கிறோம் என்று புரியாமல் எங்களிடமே கேட்பீர்கள்.

என் கதை. 2025 நவம்பரில் ஐ.ஜி.டி.சி. என்கிற கேம் செய்பவர்களின் மாநாடு ஹைதராபாத்தை விட்டுச் சென்னைக்கு வந்ததல்லவா, அங்கே எங்கள் மேசையில் ஒரு மலையேறும் கேம். மாதக்கணக்கில் டெஸ்ட் செய்து கொண்டுபோனது. முதல் நாள் ஒரு கல்லூரிப் பையன் பாறைக்கும் மரத்துக்கும் இடுக்கில் உடம்பைத் திணித்துத் திணித்து, மேப்புக்கு, அதாவது கேமின் தரைக்கு, கீழே விழுந்துவிட்டான். அடியில் ஒன்றும் கிடையாது, விழுந்துகொண்டே இருக்கிறான். தலைக்கு மேலே எங்கள் மலை ஒரு பொட்டு மாதிரி சுருங்கிப் போகிறது. நான் மேசைக்கடியில் கையை விட்டு ரீஸ்டார்ட் தேடுகிறேன். பையன் "அண்ணே வேணாம்ணே, விடுங்க" என்கிறான். பின்னால் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். அடுத்து உட்கார்ந்தவன் மலை ஏறவேயில்லை, நேராக அந்த இடுக்கைத் தேடிப் போனான். அதற்கடுத்தவனும்.

ராத்திரி உட்கார்ந்து ஓட்டையை அடைத்தோம். மறுநாள் காலையில் ஒரு கூட்டமே வந்து நின்று கேட்டது: "அந்த விழற கேம் எங்கண்ணா?" இல்லை, அடைத்துவிட்டோம் என்றேன். ஏறுவதை ஆடிப் பாருங்கள் என்றேன். பாதிப் பேர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள்.


மன்னைக்காரன்:

கதவு வெறும் படம் என்று தெரிந்ததில் கொஞ்சம் நிம்மதி. ஆனால் படமாக வரைந்த கதவுக்கு எதற்குத் தாழ்ப்பாள் போட்டார்கள்? தாழ்ப்பாள் இருந்தால் மனுஷன் திறக்கத்தானே பார்ப்பான்.


திருவையாறு டெஸ்டர்:

அந்தத் தாழ்ப்பாளைப் பற்றித்தான் நோட்டில் எழுதியிருப்பார்.


குடவாசல் டு கொலோன்:

டெஸ்டர் அண்ணே, அந்த ஓட்டையை அடைத்திருக்கக் கூடாது. பெரிய கம்பெனிகள் டெமோவில் இல்லாததைக் காட்டியே பழகியவர்கள். வாட்ச் டாக்ஸ் கேமை 2012 ஈ3யில் காட்டியதையும் 2014ல் விற்றதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வெளிச்சமும் மழையும் காணாமல் போயிருக்கும். நீங்கள் இருந்ததையே எடுத்துவிட்டீர்கள்.


திருவையாறு டெஸ்டர்:

அது பக், கேமில் உள்ள பிழை, தம்பி. காசு கொடுத்து வாங்கியவர் பாதி மலையில் விழுந்தால் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். மேளாவில் சிரிக்கிறவன் வேறு, வீட்டில் வாங்கி ஆடுகிறவன் வேறு.


பாபநாசம்:

விழவாவது உங்களுக்கு மலை இருந்தது.


ஆடுதுறை 45:

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. போன் சார்ஜருக்கு அங்கே பிளக் கிடைக்காது, பவர் பேங்க் எடுத்துப் போங்கள். செருப்பும் புதுசாகப் போடாதீர்கள். அப்புறம் தண்ணீர் பாட்டில்...


மன்னைக்காரன்:

அண்ணே, நாங்கள் கேம் ஆடப் போகிறோம், சபரிமலைக்கு இல்லை. வேறு யாராவது ஆடியதை எழுதுங்கப்பா. திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒருத்தர் டோக்கியோ கேம் ஷோ போய்வந்ததாகப் போன மாசம் எழுதியிருந்தாரே, அவர் எங்கே?