சொந்த வண்டியில் சைரன், சுழல் விளக்கு: யாருக்கு அனுமதி?

வெள்ளெருக்கு:
நான் தன்னார்வ முதலுதவிக் குழுவில் இருக்கிறேன். அழைப்பு வந்தால் சொந்தக் காரில்தான் ஓடுகிறோம். போன மாதம் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார், மூச்சில்லை என்று அழைப்பு. பக்கத்து இருக்கையில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவி, முன்னால் நகராத டிராஃபிக். இதயம் நின்றபின் நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சியும் தராத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைத்துவிடும். எங்களுக்கு ஏன் சைரன் கூடாது?

இரட்டைத்தடம்:
பன்னிரண்டு வருடமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். உங்கள் பதற்றம் புரிகிறது, ஆனால் இதை ஒத்துக்கொள்ள முடியாது. சத்தம் கேட்டதும் முன்னால் போகிறவர் கண்ணாடியில் பார்ப்பார். வெள்ளை வண்டி தெரிந்தால் ஒதுங்குவார். வெறும் கார் தெரிந்தால் "யாரோ பந்தா காட்டுகிறான்" என்று அப்படியே போவார். இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாவது முறை எனக்கும் ஒதுங்க மாட்டார். பின்னால் படுத்திருக்கும் நோயாளிதான் அதற்கு விலை கொடுப்பார். இந்தியாவில் 2017 மே 1 முதல் அமைச்சர்களின் கார்களிலிருந்தே சிவப்புச் சுழல் விளக்கை எடுத்துவிட்டார்கள். அவர்களுக்கே இல்லாததைத் தனியாருக்கு எப்படிக் கொடுப்பது?

வெள்ளெருக்கு:
அது அந்தஸ்துக்காக வைத்த விளக்கு. நான் கேட்பது உயிர் காக்க. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

நடுக்கோடு:
இடையில் ஒரு வழி இருக்கிறது. பிரிட்டனில் அவசரமாகப் போகும் மருத்துவர் தன் காரில் பச்சைச் சுழல் விளக்கு போடலாம். சிக்னலை மீற அவருக்கு உரிமை இல்லை, மற்றவர்கள் மரியாதைக்காக வழி விடுவார்கள், அவ்வளவுதான். நியூயார்க் மாநிலத்தில் தன்னார்வத் தீயணைப்பு வீரர்களின் நீல விளக்கும் இதே மாதிரிதான். ஜெர்மனியில் நீல விளக்கும் சைரனும் சேர்ந்து வந்தால்தான் எல்லோரும் உடனே வழிவிட வேண்டும். விளக்கு மட்டும் என்றால் அது எச்சரிக்கை.

இரட்டைத்தடம்:
தனி நிற விளக்கு என்றால் சரி, அதை ஏற்கிறேன். சைரன் மட்டும் வேண்டவே வேண்டாம். சந்திப்பில் சைரன் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். கட்டடச் சுவர்களில் பட்டு எதிரொலிக்கும், கண்ணாடி ஏற்றிய காருக்குள் பாதிதான் கேட்கும். ஒரு தடவை சிவப்பு சிக்னலில் மெதுவாக மூக்கை நீட்டினேன். பக்கவாட்டில் வந்த கார் என் பம்பரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. அந்த ஓட்டுநர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். பயிற்சி பெற்ற எனக்கே அப்படி. உங்கள் குழுவில் எத்தனை பேர் அவசர ஓட்டத்துக்குப் பயிற்சி எடுத்திருக்கிறீர்கள்?

வெள்ளெருக்கு:
ஒருவரும் இல்லை. முதலுதவிக்குத்தான் பயிற்சி. சரி, சைரன் கோரிக்கையை விட்டுவிடுகிறேன். விளக்கை விட மாட்டேன். ஆனால் காந்தம் ஒட்டிய விளக்கை யார் வேண்டுமானாலும் வாங்கிக் கூரையில் ஒட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறதே, அதை என்ன செய்வது?

நடுக்கோடு:
அனுமதிச் சீட்டைக் காட்டினால்தான் விற்க வேண்டும். சீட்டு வண்டிக்கு இல்லை, ஆளுக்கு. குழுவை விட்டு விலகினால் அன்றே ரத்து.

இரட்டைத்தடம்:
அப்படிச் செய்தால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.