சோதனைச் சாவடியில் என் கைப்பேசியை வாங்கிக்கொண்ட இரவு

சென்ற ஆண்டு மாசி மாதம், இரவு ஒன்பது மணிக்கு மேல், எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையில் வாகனச் சோதனை நடந்துகொண்டிருந்தது. என் சித்தப்பா மகன் ஓட்டி வந்த 'குட்டியானை' சரக்கு வண்டியை ஓரங்கட்டச் சொன்ன காவலர், ஆவணங்கள் எல்லாம் சரியாக இருந்தும் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, ஏன் என்று கேட்டவனைக் கன்னத்தில் அறைந்தார். பின்னால் பைக்கில் வந்த நான் பதினைந்து அடி தள்ளி நின்று அதைப் பதிவு செய்தேன். குறுக்கே போகவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

"யாரைக் கேட்டு வீடியோ எடுக்கிற? போனைக் கொடு" என்றார் உதவி ஆய்வாளர். எந்தச் சட்டத்தில் தடை இருக்கிறது, ஐயா என்று கேட்டேன். பணி செய்யவிடாமல் தடுத்ததாக வழக்குப் போடுவேன் என்றார். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 221-ஆம் பிரிவு தண்டிப்பது அரசு ஊழியரின் கடமையை வேண்டுமென்றே தடுப்பதைத்தான். தள்ளி நின்று படம் எடுப்பது எப்படித் தடுப்பதாகும்? குற்றத்தோடு தொடர்புடையதென்ற சந்தேகத்தில் ஒரு பொருளைக் கைப்பற்றினால், அதைக் குற்றவியல் நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) தெரிவிக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. அவரோ ஒரு துண்டுச் சீட்டும் எழுதவில்லை. என் விரலையே வைத்துத் திறக்கச் சொல்லி, வீடியோவை அழித்து, நாற்பது நிமிடம் கழித்துத் திருப்பித் தந்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அழித்தவை சில நாள் தங்கும் குப்பைத்தொட்டிக் கோப்புறையில் அந்த ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடியும் அப்படியே இருந்தது. மீட்டெடுக்கும் பொத்தானைத் தொடும்போது கை நடுங்கியது.

2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமாரைக் காவலர்கள் அடித்ததை ஒருவர் மறைந்திருந்து எடுத்த காட்சி வெளிவராமல் போயிருந்தால், அவருடைய மரணத்துக்கு என்ன காரணம் எழுதப்பட்டிருக்கும் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன். தந்தையும் மகனும் அடித்துச் சித்திரவதை செய்யப்பட்டு இறந்த சாத்தான்குளம் காவல் நிலையத்தில் 2020-இல் கேமரா இருந்தும், பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. ஆகவே அவர்களுடைய கேமராவை மட்டும் நம்பி நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது.

காவல் நிலையத்துக்குள் எடுத்தால் அலுவல் ரகசியச் சட்டம் பாயும் என்று மிரட்டுவதும் உண்டு. அச்சட்டம் சொல்லும் தடைசெய்யப்பட்ட இடங்களில் காவல் நிலையம் சேராது என்று 2022-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு தீர்ப்பளித்து, அப்படிப் போட்ட வழக்கை ரத்து செய்திருக்கிறது. அது நம் மாநில நீதிமன்றத்தின் தீர்ப்பு இல்லையென்றாலும், எடுத்துக்காட்டத் தகுந்தது.

மேலதிகாரியிடம் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்த புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. மின்னணுப் பதிவைச் சான்றாக ஏற்கச் சான்றிதழ் வேண்டும், அசல் கருவியும் கையில் இருந்தால் நல்லது என்று வழக்கறிஞர் சொன்னதால், திரையில் விரிசல் விட்ட அந்தக் கைப்பேசியை மாற்றாமல் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன்.