வீட்டுலயே படிக்கிற பொண்ணு கணக்குன்னா மட்டும் ஓடுறா, என்ன பண்ணலாம்?

பாபநாசம்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க பாபநாசம் பக்கத்துல ஒரு கிராமம். ரெண்டு பசங்களையும் ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்டுலயே வச்சு சொல்லிக்குடுக்குறோம், பெரியவளுக்கு 9 வயசு, சின்னவனுக்கு 6. மத்த பாடம்லாம் பிரச்சனையே இல்ல, கதை புக்கு குடுத்தா சாப்பாடு கூட மறந்துடுவா, வாய்க்கால் ஓரம் போனா எந்தப் பூச்சி எங்க முட்ட வச்சிருக்குன்னு அவதான் எனக்கு சொல்லுவா. கணக்கு நோட்ட எடுத்தா மட்டும் வயித்த வலிக்குது, தண்ணி தாகம், பாத்ரூம் போகணும், இப்புடியே ஒரு மணி நேரம் ஓடிடும்.

சமச்சீர் புக்கு டவுன்லோடு பண்ணி பாத்தாச்சு, நெட்ல ஒர்க்‌ஷீட் பிரிண்ட் எடுத்தும் குடுத்தாச்சு. வாய்ப்பாடு 6 வரைக்கும் தெரியும், ஏழாம் வாய்ப்பாடுன்னா மூஞ்சி மாறிடும். பின்னம் சுத்தமா ஏறல. நான் பி.காம், எனக்கு கணக்கு வரும், ஆனா சொல்லிக்குடுக்கும்போது கத்திடுறேன். மாமியார் வேற "பள்ளிக்கூடத்துல சேத்திருந்தா வாத்தியார் பாத்துக்க மாட்டாரா"ன்னு தினம் ஒரு தடவ சொல்றாங்க. வீட்டுல வச்சு சொல்லிக்குடுக்குறவங்க யாராச்சும் எப்புடி சமாளிச்சீங்கன்னு சொல்லுங்க.

ஐயாறு_அப்பா:

சிஸ்டர், நாங்களும் வீட்டுப்படிப்புதான், திருவையாறு. மொதல்ல அந்த ஒர்க்‌ஷீட்ட கொஞ்ச நாளைக்கு எடுத்து உள்ள வைங்க. உங்க பொண்ணுக்கு கோலம் போடப் பிடிக்குமா? பிடிக்கும்னா பாதி வேலை முடிஞ்சுது. சும்மா "கோலத்துல கணக்கு இருக்கு"ன்னு எல்லாரும் சொல்லிட்டு போயிடுவாங்க, என்ன கணக்குன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, அதனால நான் விவரமாவே எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்குங்க.

நடு வரிசையில நேர்ப்புள்ளி 7ல ஆரம்பிச்சு மேலயும் கீழயும் 1ல முடிக்கிற கோலம் தெரியும்ல, 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் எத்தன புள்ளின்னு எண்ணாம சொல்லச் சொல்லுங்க. மொதல்ல எண்ணத்தான் செய்வா, விடுங்க. 25 வரும். அப்புறம் மேல இருக்குற 1, 3, 5, 7ஐ மட்டும் கூட்டச் சொல்லுங்க, 16. கீழ இருக்குற 5, 3, 1 கூட்டுனா 9. அதாவது நாநாலு பதினாறு, மும்மூணு ஒம்பது. அடுத்து 9 புள்ளி கோலத்துக்கு எவ்ளோ வரும்னு கேளுங்க, கொஞ்சம் யோசிச்சு 25உம் 16உம் சேத்து 41ன்னு அவளே சொல்லிடுவா. அதே கோலத்த பக்கவாட்டுல சாச்சு வச்சு பாக்கச் சொல்லுங்க, ஒரு நாலுக்கு நாலு சதுரமும் அதுக்கு நடுவுல மூணுக்கு மூணு சதுரமும் சொருகி இருக்கும், ரெண்டு கலர்ல புள்ளி வச்சா பளிச்சுன்னு தெரியும்.

இன்னொன்னு சிக்குக் கோலம். இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. செவ்வகமா புள்ளி வைங்க, மூணு வரிசை, வரிசைக்கு நாலு புள்ளி. கோடு புள்ளிகளுக்கு நடுவுல சாய்வாவே போகணும், ஓரத்துல மட்டும்தான் வளைஞ்சு திரும்பணும், உள்ள எங்கயும் திருப்பக் கூடாது. கைய எடுக்காம ஒரே கோட்டுல மொத்தக் கோலமும் முடிஞ்சுடும். இப்ப நாலுக்கு நாலு போடுங்க, முடியாது, நாலு தனித்தனி கோடு வேணும். நாலுக்கு ஆறுன்னா ரெண்டு கோடு. ஆறுக்கு ஒம்பதுன்னா மூணு. ஏன்னு நீங்க சொல்லிடாதீங்க, தயவு செஞ்சு. அவளே ஒரு அட்டவணை போட்டு நிரப்பட்டும், எந்த அளவுக்கு எத்தன கோடுன்னு. அது நம்ம மீப்பெரு பொதுக் காரணிதான் (ரெண்டு எண்ணையும் மீதியில்லாம வகுக்குற பெரிய எண்), ஆனா அந்தப் பேரு கடைசியா வந்தா போதும். சின்னவனையும் உக்கார வைங்க, கோலம் பொண்ணுங்க சமாச்சாரம்னு எவனாச்சும் சொன்னா காதுல வாங்காதீங்க.

ஓய்வு_டீச்சர்_கும்பகோணம்:

தம்பி சொன்னது நல்லாத்தான் இருக்கு, ஆனா அம்மாடி, கோலத்த வச்சே வாய்ப்பாட்ட தள்ளிப் போட்டுடாத. முப்பது வருஷத்துக்கு மேல பிள்ளைங்கள பாத்தவ சொல்றேன், 7×8 டக்குனு வராத பிள்ளைக்கு பின்னமும் வராது, வகுத்தலும் வராது, அங்கதான் கணக்கு கசக்க ஆரம்பிக்குது.

உன் பொண்ணுக்கு 6 வரைக்கும் தெரியும்ங்கற. அப்ப 7×1லேருந்து 7×6 வரைக்கும் அவளுக்குத் தெரியும், திருப்பிப் போட்டா அதுதானே. பத்தாம் வாய்ப்பாடு சும்மா சைபர் சேக்குறது. மிச்சம் என்னன்னு ஒக்காந்து எண்ணிப் பாரு: 7×7, 7×8, 7×9, 8×8, 8×9, 9×9. ஆறே ஆறு. இத அவகிட்ட கட்டம் போட்டு, தெரிஞ்சதெல்லாம் அடிச்சுட்டு மிச்சத்த காட்டு, பாதி பயம் அங்கயே போயிடும். 7×8 வரலன்னா அஞ்செட்டு நாப்பது, ஈரெட்டு பதினாறு, கூட்டுனா 56. தினம் பத்து நிமிஷம் வாய்விட்டு சொல்லட்டும், அதுக்கு மேல வேணாம்.

பின்னத்துக்கு உன் மாமியாரயே வாத்தியாராக்கு, அவங்க வாயும் அடையும். நெலம் வச்சிருந்த குடும்பம்னா வேலி, மா, குழிங்கற பழைய நெல அளவுக் கணக்கு அவங்களுக்கு அத்துப்படியா இருக்கும். 20 மா ஒரு வேலி, 100 குழி ஒரு மா. அஞ்சு மா எவ்ளோ வேலி? கால் வேலி. பதினஞ்சு மா முக்கால் வேலி. ஏழு மாவ ரெண்டு பேருக்குப் பிரிச்சா? பிள்ளைங்க நிமிஷத்துல புடிச்சுக்கும். 12 அடி நீள அளவுகோல வச்சு கொல்லைய அளக்கச் சொல்லு, கோலுக்குக் கோல் சதுரம் ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. அப்ப ஒரு மா 14,400 சதுர அடி, ஏக்கர் 43,560, ஆக ஏக்கருக்கு ஏறக்கொறைய மூணு மா. பரப்பளவு பாடம் தனியா நடத்த வேண்டியதே இல்ல.

ஒரு விஷயம். எங்க ஊர்ல எதுக்கெடுத்தாலும் ராமானுஜன் பேர இழுப்போம். பிள்ளைகிட்ட அத சொல்லாத. சொல்லித்தான் ஆகணும்னா அவரு இங்க அரசுக் கல்லூரியில மத்த பாடத்துல தேறாம உதவித்தொகைய விட்டாரே, அதையும் சேத்து சொல்லு.

மன்னை_பையன்:

தாயம் ஆடுங்க அக்கா!! பித்தளைக் கட்டை ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் 1, 2, 3, ஒரு பக்கம் மொட்டை. மொத்தம் 16 விதமா விழலாம். தாயம் விழ 2 வழி, 12 (ரெண்டும் மொட்டை) 1 வழி, 6க்கும் 1 வழிதான், 3க்கு 4 வழி. ஏன் தாயம் விழாம உசுர வாங்குதுன்னு இப்ப தெரியுதா. ஆடும்போது ஒரு பேப்பர்ல கோடு போட்டு குறிச்சுட்டே வரச் சொல்லுங்க, நூறு தடவ உருட்டுன அப்புறம் பாத்தா நிகழ்தகவு பாடம் முடிஞ்சுது. 6 வயசு பையனுக்கு கூட்டலும் ஆச்சு.

இன்னும் ரெண்டு மூணு வருஷம் போனா மேட்டூர் கணக்கு குடுங்க. நியூஸ்ல தினம் வருதுல்ல. அணை 120 அடி நெறஞ்சா 93.47 டிஎம்சி, ஒரு டிஎம்சின்னா 100 கோடி கனஅடி. செகண்டுக்கு 12,000 கனஅடி தொறந்தா ஒரு நாளைக்கு 86,400 செகண்டு, பெருக்குனா 103 கோடியே 68 லட்சம், அதாவது ஒரு டிஎம்சிக்கு கொஞ்சம் மேல. தண்ணி வரத்தே இல்லன்னு வச்சுக்கிட்டா கிட்டத்தட்ட 90 நாளு. குறுவைக்கு தாங்குமா தாங்காதான்னு டீக்கடையில நடக்குற சண்டைக்கு உங்க பொண்ணு தீர்ப்பு சொல்லும்.

பாபநாசம்_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கோலம் நல்லா வேலை செய்யுது, அஞ்சுக்கு அஞ்சு போட்டுட்டு "அம்மா இதுக்கு அஞ்சு கோடு, சதுரமா வச்சா மொத்தம் எத்தன வரிசையோ அத்தன கோடு"ன்னு அவளே சொன்னா, நான் வாய தொறக்கவே இல்ல. டீச்சரம்மா, அத்தைகிட்ட மா கணக்கு கேட்டோம், அவங்க ஆரம்பிச்சா நிறுத்தல, நெல்லு அளக்குற மரக்கால், கலம்னு போயிட்டாங்க, 12 மரக்கால் ஒரு கலம்னு சின்னவன் கத்திட்டுத் திரியறான். ஆனா ஒரு கவலை, நோட்டுல எழுதுன்னா இன்னும் அதே வயித்து வலிதான். நாளைக்கு என்ஐஓஎஸ்ல (தேசிய திறந்தநிலைப் பள்ளி) பத்தாவது எழுதணும்னா எழுதித்தானே ஆகணும்?

ஐயாறு_அப்பா:

என்ஐஓஎஸ் பத்தாவதுக்கு 14 வயசு ஆகணும், உங்களுக்கு இன்னும் அஞ்சு வருஷம் கிடக்கு. இப்பவே பரீட்சை மாதிரி எழுத வைக்காதீங்க.

ஓய்வு_டீச்சர்_கும்பகோணம்:

அஞ்சு வருஷம் இருக்குன்னு சும்மாவும் இருந்துடாத. அவ கோலத்துக்கு அட்டவணை போடுறாளே, அத எதுல போடுறா? தரையிலன்னா நாளைக்கு பெருக்குனா போயிடும்னு சொல்லி நோட்டுல ஏத்தச் சொல்லு. கூட ஒரு வரி, எப்புடிக் கண்டுபுடிச்சேன்னு தம்பிக்கு புரியற மாதிரி எழுதட்டும், எழுத்துதான் அவளுக்கு வருதே. கோடு போடாத நோட்டு வாங்கிக் குடு, சிவப்பு மையில திருத்தாத. தப்பா இருந்தா அந்த அளவுக்கு இன்னொரு தடவ கோலம் போட்டுப் பாருன்னு மட்டும் சொல்லு. கலம் கணக்கையும் அதே நோட்டுல சின்னவனுக்கு இவளே எழுதிக் குடுக்கட்டும், ஒரு மாசம் கழிச்சு எப்புடி இருக்குன்னு இங்க வந்து சொல்லு.