‘கோப்பு இல்லை’ என்று நிரல் சொன்னபோது

ஒரு கடைக்குப் பைத்தான் நிரல்மொழியில் இரவு நேர பேக்கப் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். அன்றைய விற்பனைக் கோப்பு இருக்கிறதா என்று ‘ஓஎஸ்.பாத்.எக்ஸிஸ்ட்ஸ்’ என்ற கட்டளையை வைத்துப் பார்க்கும். இல்லையென்றால் தலைப்பு வரி மட்டும் போட்டுப் புதுக் கோப்பு உருவாக்கும். கையால் ஓட்டினால் சரியாக வந்தது. குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டதும் தினமும் ‘இல்லை’தான். பேக்கப்பில் இருந்ததெல்லாம் தலைப்பு வரி மட்டும். நான் வெறும் கோப்புப் பெயரைத்தான் கொடுத்திருந்தேன். கிரான் வேலையை ஹோம் டைரக்டரியில், அதாவது பயனரின் சொந்த ஃபோல்டரில் தொடங்குவதால் நிரல் அங்கேயே தேடியிருக்கிறது.

முழுப் பாதையைக் கொடுத்தேன். அப்புறம் வேறொரு பயனர் கணக்குக்கு மாற்றியதும் மறுபடி ‘இல்லை’. எனக்கோ கோப்பு கண்ணெதிரே தெரிகிறது! மேலே உள்ள ஃபோல்டருக்குள் நுழைய அந்தக் கணக்குக்கு அனுமதி இல்லை. எக்ஸிஸ்ட்ஸ் அதைப் பிழையாகச் சொல்லாது, ‘ஃபால்ஸ்’, அதாவது ‘இல்லை’ என்று மட்டும் சொல்லும். எனக்கு உண்மையில் கோபம் வந்தது இதில்தான். இப்போது கோப்பின் விவரங்களைக் கேட்கும் ‘ஓஎஸ்.ஸ்டாட்’டை நேரடியாக அழைத்து, ‘ஃபைல் நாட் ஃபவுண்ட் எர்ரர்’ வந்தால் மட்டும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ‘பர்மிஷன் எர்ரர்’ என்றால் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

* * *

அண்ணா, எனக்கு நடந்தது நேர்மாறு. பாஷ் ஸ்கிரிப்டில் (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிய நிரல்) ஃபோல்டர் இருக்கிறதா என்று சதுர அடைப்புக்குள் ‘ஹைஃபன் டி’ போட்டுச் சோதித்தேன். ஃபோல்டர் பெயரை வைத்திருந்த மாறிக்கு மேற்கோள் குறி போடவில்லை. ஒருநாள் மாறி காலியாக வந்தது. சதுர அடைப்புக்குள் ‘ஹைஃபன் டி’ மட்டும் மிஞ்ச, பாஷ் அதை ஒரு சாதாரணச் சொல்லாக எடுத்துக்கொண்டு ‘உண்மை’ என்றது. அடுத்த வரி, அந்த ஃபோல்டருக்குள் போகும் ‘சிடி’ கட்டளை. அதிலும் மாறி காலி, நேரே ஹோமுக்குப் போய்விட்டது. அதற்கடுத்த வரி பழைய லாக்குகளை (பதிவுக் கோப்புகளை) அழிப்பது. ஆறு மாத லாக் போனது. அன்றிலிருந்து மேற்கோள் குறி இல்லாமல் ஒரு மாறியும் எழுதுவதில்லை.

* * *

எங்கள் அலுவலகத்தில் ஒரே ரசீது எண்ணுக்கு இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடின. இரண்டுமே சோதித்து, ‘இல்லை’ என்று பார்த்து, இரண்டுமே எழுதின. முதல் ரசீது அழிந்தது. சோதிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே இருக்கும் அந்த நொடித்துளி போதும். பைத்தான் 3.3 முதல் ‘ஓப்பன்’ கட்டளையில் ‘எக்ஸ்’ முறை இருக்கிறது: கோப்பு ஏற்கெனவே இருந்தால் திறக்காமல் பிழை கொடுக்கும், சோதனையும் உருவாக்கமும் ஒரே அடியில் முடியும். முதலில் எழுதிய தம்பி, உங்கள் தலைப்பு வரிக் கோப்பையும் அப்படியே உருவாக்கிப் பாருங்கள்.